பாறைமேல் போட்ட நீல நாற்காலி

எங்கள் வீட்டுக் கோழிக் கூண்டின் மேல் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி கவிழ்ந்து கிடக்கிறது. மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்கக் கூண்டின் மேல் தார்ப்பாய் போட்டிருக்கிறேன். தார்ப்பாய் பறக்காமல் இருக்க இந்த நாற்காலி. வெயில் பட்டுப் பட்டு நீலம் சாம்பலாகிவிட்டது. முதுகுப் பக்கம் வெள்ளைப் பெயின்டில் எழுதிய பதினேழு என்ற எண் மட்டும் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. நான் சமையல் வேலை பார்க்கும் உண்டு உறைவிடப் பள்ளியின் நாற்காலி அது. கொரோனாவுக்காகப் பள்ளியை மூடியபோது வார்டனிடம் கேட்டு எடுத்து வந்தேன். பிறகு திருப்பிக் கொடுக்கப் போனபோது, "காலு வெடிச்சிருக்குது, நீயே வெச்சிக்கம்மா" என்று சொல்லிவிட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து என் அக்கா மகள் ஒரு வருடம் இங்கிலாந்தில் படித்தாள்.

ஜவ்வாது மலையில் உட்கார்ந்துகொண்டு இங்கிலாந்தில் படிப்பது எப்படி என்று எனக்கும் முதலில் விளங்கவில்லை. அவள் புதூர்நாட்டுப் பக்கம் எங்கள் பள்ளியிலேயே பன்னிரண்டாவது முடித்து, பழங்குடி மாணவர்களுக்கான உதவித்தொகையில் சென்னையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். பொருளாதாரப் படிப்பு. நான்கு வருடம். முதல் இரண்டு வருடம் சென்னையில், அடுத்த இரண்டு வருடம் இங்கிலாந்தில் இருக்கும் இன்னொரு பல்கலைக்கழகத்தில். முடித்தால் இரண்டும் சேர்ந்து ஒரே பட்டம் கொடுக்கும். ஒரு தாளில் இரண்டு முத்திரை, இரண்டு கையெழுத்து. அதைக் கேட்டு குழாயடியில் ஒரு அம்மா சிரித்தாள். "ரெண்டு காலேஜுக்கு ஒரே படிப்பா? ஒருத்திக்கு ரெண்டு மாமியா வூடு மாதிரி இல்ல கீது! எவகிட்டன்னு நல்ல பேரு வாங்குவ?" அக்கா மகளும் விடவில்லை. "ரெண்டு பேருகிட்டயும் வாங்கணும் அத்தே. ஒருத்தி வேணாம்னு சொன்னாலும் தாலி கெடையாது" என்றாள். எல்லோரும் சிரித்தோம். குடம் நிரம்பி வழிந்ததைக்கூட யாரும் பார்க்கவில்லை.

என் அக்காவுக்கு அவள் ஒரே பிள்ளை. அக்காவும் மாமாவும் சாமை, கேழ்வரகு விதைத்து, நாலைந்து புளிய மரத்தை நம்பிப் பிழைத்தவர்கள். எனக்குப் பிள்ளை இல்லை. பக்கத்து வீடுதான். அவள் எனக்கும் பிள்ளை என்று நான் வாய் திறந்து யாரிடமும் சொன்னதில்லை. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. பள்ளியில் நூற்றைம்பது பிள்ளைகளுக்குச் சோறு போடும்போதும் கரண்டிதான் பேசும். பத்தாவது வரை படித்தேன். வகுப்பில் ஆசிரியர் என்னை எழுப்பிக் கேள்வி கேட்டால், பதில் தெரிந்திருந்தாலும் நின்றுகொண்டே இருப்பேன். அந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை.

அவள் இரண்டு வருடத்தைச் சென்னையில் நல்லபடியாக முடித்தாள். இங்கிலாந்து போக வேண்டிய நேரத்தில் கொரோனா வந்தது. விமானம் இல்லை. மூன்றாம் வருடத்தை வீட்டில் இருந்தே, கம்ப்யூட்டர் வழியாகப் படிக்கலாம் என்று அங்கிருந்து எழுதினார்கள். வீட்டில் எங்கே சிக்னல்? ஊருக்கு மேலே, இருபது நிமிட ஏற்றத்தில், ஒரு மொட்டைப் பாறை இருக்கிறது. அங்கே ஏறி நின்றால் போனில் நாலு கோடு வரும். பல்கலைக்கழகம் கொடுத்த லேப்டாப்பை அவள் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொள்வாள். நாற்காலி என் தலைமேல். குடையையும் தண்ணீர் பாட்டிலையும் நானே எடுத்துக்கொள்வேன். அவர்களுக்குக் காலை என்றால் நமக்கு மதியம் தாண்டிவிடும். அவள் பாறைமேல் உட்கார்ந்து வெள்ளைக்காரர் பேசுவதைக் கேட்பாள். நான் பாறைக்குக் கீழே உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டு, ஆடு மாடு மேலே ஏறாமல் பார்த்துக்கொள்வேன்.

ஒரு நாள் வகுப்பு முடிந்து இறங்கி வந்து, "சின்னம்மா, நீ இங்க ஒக்காந்துனு கீறியே, இதுக்கு வெலை இன்னா தெரியுமா?" என்று கேட்டாள். எனக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்றேன். "காசு இல்ல. இங்க வந்ததால எந்த வேலைய வுட்டியோ, அதுதான் வெலை. அப்டித்தான் எங்க படிப்புல கணக்கு." நான் யோசித்துப் பார்த்து, வீட்டில் இருந்தால் இன்னும் ஒரு கூடை புளி உடைத்திருப்பேன் என்றேன். "அப்ப இன்னைக்கு என் க்ளாஸுக்கு வெலை ஒரு கூடை புளி!" என்று கைகொட்டிச் சிரித்தாள். அது மாமாவின் சிரிப்பு. மாமா என்றால் எனக்கு மாமா, அவளுக்கு அப்பா. இரண்டு பேருக்கும் சிரிக்கும்போது வலது கண் முழுதாக மூடிக்கொள்ளும்.

வருடக் கடைசியில் தேர்வு. கேமரா முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். தனி அறை, சாத்திய கதவு, வேறு ஆள் இருக்கக் கூடாது என்பது சட்டம். அவள் பாறையைப் போட்டோ எடுத்து அனுப்பி, எனக்கு அறை இதுதான் என்று எழுதினாள். அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: தேர்வு முடியும்வரை எந்த ஆளும் கேமராவில் தெரியக் கூடாது, பேச்சுக் கூடாது. தெரிந்தால் தேர்வு செல்லாது. அவள் அதை எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். யாரும் மேலே ஏறாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. மூன்று தேர்வுகளுக்கு அந்த வேலையைச் சரியாகத்தான் செய்தேன்.

நான்காவது, கடைசித் தேர்வின்போது மாமாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். அன்று காலை மூச்சு வாங்கியதால் அக்கா அவரை ஜீப்பில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனாள். "நீ போயி எழுது, ஊசி போட்டுக்கினு சாயங்காலம் வந்துடுறேன்" என்று மாமா ஜீப்பிலிருந்து மகளிடம் சொன்னார். அவள் இரண்டரை மணிக்குப் பாறையில் உட்கார்ந்தாள். நான் கீழே உட்கார்ந்தேன். தேர்வு நான்கரைக்கு முடிய வேண்டும். நான்கு மணி வாக்கில் ஜீப் ஓட்டியின் தம்பி பைக்கை ஊருக்குள் நிறுத்திவிட்டு, மூச்சிரைக்க மேட்டில் ஏறி வந்தான். மாமா மதியமே போய்விட்டார். கொரோனா என்பதால் உடலை வீட்டில் வைக்க விட மாட்டார்கள். ஜீப் நேராக மயானத்துக்கு வருகிறது. பிள்ளையைச் சீக்கிரம் கூட்டி வரச் சொன்னார்கள். அவன் சொல்லி முடித்துவிட்டு, "ஒண்ணும் சொல்லிடாத அக்கா, ஒடம்பு முடியலன்னு மட்டும் சொல்லு" என்றான்.

அவன் சொல்லாவிட்டாலும் நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன். எங்கள் பக்கம் பெற்ற பிள்ளையிடம் வெளியிடத்தில் வைத்துச் சாவைச் சொல்ல மாட்டோம். ஊருக்கெல்லாம் சொல்லலாம், தூரத்துச் சொந்தத்துக்கு ஆள் விடலாம். பிள்ளையை மட்டும், "உன்னைப் பார்க்க வேண்டுமாம், வா" என்று சொல்லிக் கூட்டி வர வேண்டும். வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்து அவர்களாகத் தெரிந்துகொள்வார்கள். பாதி வழியில் தெரிந்தால் கால் நடக்காது என்பார்கள். எங்கள் அப்பா இறந்த அன்று என்னையும் அக்காவையும் சாமைக் காட்டிலிருந்து அப்படித்தான் கூட்டி வந்தார்கள். வரும் வழியெல்லாம் அப்பாவுக்கு மிளகு ரசம் வைக்க வேண்டும் என்று அக்கா சொல்லிக்கொண்டே வந்தாள். கூட வந்தவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

நான் பாறைமேல் ஏறினேன். என்னைப் பார்த்ததும் அவள் வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினாள். நான் பின்பக்கமாகப் போய், குனிந்து, காதில் சொன்னேன்.

"பாப்பா, அப்பா ஒன்ன பாக்கணும்ங்குறாரு. எழுந்து வா."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. திரையின் மூலையில் தெரிந்த என் முகத்தைப் பார்த்தபடியே உதடு அசையாமல் கேட்டாள். "உயிரோட கீறாரா?"

நான் தலையாட்டினேன்.

"இன்னும் இருவது நிமிஷம் சின்னம்மா. முடிச்சிட்டு ஓடியாந்துடுறேன்."

நான் அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. நான் மறுபடியும் கீழே போய் உட்கார்ந்தேன். மேலே அவள் எழுத்துக்களைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவ்வளவு வேகமாக அவள் தட்டி நான் கேட்டதில்லை.

அவள் முடித்ததும் இறங்கினோம். வழியில் வளைவில் இருந்து மயானம் தெரியும். ஜீப்பும், பிளாஸ்டிக் உடை போட்ட இரண்டு பேரும், தள்ளித் தள்ளி நின்ற சனமும் தெரிந்தது. அவள் நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் ஓடினாள். நாங்கள் போய்ச் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் முகத்தைத் திறந்து அக்காவுக்குக் காட்டி, மறுபடி கட்டி இறக்கியிருந்தார்கள். இன்னொரு முறை திறக்க மாட்டோம் என்றார்கள். அக்கா அவர்கள் காலில் விழுந்தாள். திறக்கவில்லை. அக்கா மகள் தன் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து இங்கிலாந்திலிருந்து கடிதம் வந்தது. தேர்வின்போது ஓர் ஆள் வந்து மாணவியின் காதில் ஏதோ சொன்னது கேமராவில் பதிவாகியிருக்கிறது, என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை, அதற்குப் பிறகு மாணவி எழுந்து போகாமல் கடைசிக் கேள்வியை முழுக்க எழுதி முடித்திருக்கிறார், விளக்கம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அவள் நடந்ததை அப்படியே எழுதினாள். எங்கள் வழக்கத்தையும் எழுதினாள். இறப்புச் சான்றிதழையும் சேர்த்து அனுப்பினாள். அதுதான் காப்பாற்றும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். சான்றிதழில் மாமா இறந்த நேரம் பன்னிரண்டு பத்து என்று இருந்தது. கேமராவில் நான் குனிந்த நேரம் நான்கு பத்து. நான்கு மணி நேரத்துக்கு முன்னால் இறந்தவர் மகளைப் பார்க்க வேண்டும் என்று எப்படிச் சொல்லி அனுப்புவார்? காதில் பேசியவரே கேமரா முன்னால் வந்து சொல்லட்டும் என்றார்கள்.

பாறைமேல் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது விசாரணை நடந்த அன்று ஒரு நாள்தான். அவள் என் தலையை வாரிவிட்டு, திரையைச் சரியாகத் திருப்பி வைத்துவிட்டு, கீழே போனாள். நான் பேசும்போது அவள் பக்கத்தில் இருக்கக் கூடாதாம். நான் அவளுக்குக் காவல் இருந்த இடத்தில் அவள் எனக்காக உட்கார்ந்தாள். திரையில் ஆறு கட்டங்கள், ஆறு முகங்கள். ஒரு முகம் மட்டும் தமிழ் முகம். சென்னையில் இந்தப் படிப்பைக் கவனித்துக்கொள்ளும் மேடம். அவர்கள் கேட்பதைத் தமிழில் சொல்வதும், நான் சொல்வதை அவர்களுக்குச் சொல்வதும்தான் அவர் வேலை.

"அப்பா உன்னப் பார்க்கணும்னு சொல்றார்னு சொன்னீங்களாம்மா?"

"ஆமாங்க."

"அப்ப அவர் உயிரோட இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"அப்புறம் ஏன்மா அப்படிச் சொன்னீங்க?"

சோறு ஏன் தின்கிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? எங்கள் ஊரில் இதை யாரும் யாரிடமும் கேட்டதே இல்லை. ஆறு முகமும் என்னையே பார்த்தன. ஒரு வெள்ளைக்கார அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். மேடம் அதே கேள்வியை இன்னொரு முறை, மெதுவாக, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று அவர் கண் கெஞ்சியது. பத்தாம் வகுப்பில் நின்றது போலவே இருந்தேன். மேட்டில் ஏறி வந்த காற்றில் குடை கவிழ்ந்து உருண்டது. அதை எடுக்கக்கூட எனக்குக் கை வரவில்லை. கடைசியில் அவர்கள் ஏதோ பேசிக்கொண்டார்கள். "நன்றிம்மா" என்றார் மேடம். கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

அவள் மேலே வந்தாள். "கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"சொன்னியா?"

நான் குடையைத் தேடிப் போய் மடக்கினேன். அன்று நாற்காலியை அவளே தலையில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

மறுநாள் நாங்கள் பாறைக்குப் போயிருந்தபோது மேடம் அவளுடைய போனில் கூப்பிட்டு என்னிடம் கொடுக்கச் சொன்னார். "எனக்குப் புரியுதும்மா. என் தாத்தா செத்தப்பவும் என் அப்பாவை அப்படித்தான் கூட்டிட்டுப் போனாங்க. ஆனா நான் மொழிபெயர்க்க மட்டும்தான் செய்யலாம். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா மத்ததை நான் சொல்லியிருப்பேன்." அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வைத்துவிட்டார்.

முடிவு வந்தது. தேர்வில் முறைகேடு, அந்த வருடம் செல்லாது, இந்தப் படிப்பில் தொடர முடியாது என்று இங்கிலாந்து எழுதியது. சென்னையில் போய்க் கேட்டோம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம், நாங்கள் மட்டும் பாதிப் பட்டம் கொடுக்க வழியில்லை என்றார்கள். வேண்டுமானால் சாதாரணப் பொருளாதாரப் பட்டத்தில் முதல் வருடத்திலிருந்து சேரலாம், உதவித்தொகை இரண்டாம் முறை கிடைக்காது என்றார்கள். குழாயடியில் அவள் விளையாட்டாகச் சொன்னது அப்படியே நடந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மலை ஏறும்போதுதான் பேசினாள்.

"நீ உண்மைய சொல்லியிருந்தாலும் நான் அந்த இருவது நிமிஷம் எழுதியிருப்பேனோ இன்னமோ சின்னம்மா. அதுதான் எனக்குத் தெரியவே மாட்டேங்குது."

அவள் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த வருடமே ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். தைத்து வரும் ஷூவில் பிசிறு இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. மூன்று பெண்களோடு ஓர் அறை எடுத்துத் தங்கினாள். மாதம் ஒரு முறை வருவாள். கையில் பசை வாடை இருக்கும். எங்கள் ஊருக்கே இப்போது டவர் வந்துவிட்டது. சமையல் கட்டில் நின்றுகொண்டே எல்லோரும் வீடியோ பார்க்கிறார்கள். பாறைக்கு யாரும் போவதில்லை. லேப்டாப்பைப் பல்கலைக்கழகம் திருப்பி வாங்கிக்கொண்டது. புத்தகங்களை அக்கா பரண்மேல் கட்டி வைத்தாள்.

போன மாதம் அக்கா இறந்தாள். விடியற்காலை மாரில் வலி என்றாள். ஜீப் வருவதற்குள் முடிந்துவிட்டது. அக்கா மகளைக் கூட்டி வர நான்தான் போக வேண்டும் என்றார்கள். போனில் சொல்லக் கூடாது. கிளம்பும்போது சொந்தக்காரர் ஒருவர் ஜீப்புக்குள் தலையை விட்டு, "வழியில ஒண்ணும் சொல்லிடாத, அம்மாவுக்கு முடியலன்னு சொல்லி இட்டுனு வந்துடு" என்றார். நான் தலையாட்டினேன். ஜீப் மலையை விட்டு இறங்கி, ஆம்பூர் வரும்வரை அந்த வாக்கியத்தைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனேன். கம்பெனி கேட்டில் காவலாளி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். ஏப்ரனோடு, தலையில் வலைத் தொப்பியோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் நடை குறைந்தது.

"பாப்பா, அம்மா செத்துட்டா" என்றேன்.

எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். உள்ளே போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அழவில்லை. கீழே விழவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"எத்தினி மணிக்கு?"

"அஞ்சே முக்கா. நான் கடியாரம் பாத்தேன்."

அவள் தலையாட்டினாள். உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். வழி முழுக்க அழுதாள். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். அவள் கால் நடந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், தொட்டாள், தலைக்கு எண்ணெய் வைத்தாள்.

காரியம் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன மறுநாள், கோழிக் கூண்டின் மேலிருந்து அந்த நாற்காலியை அவள் எடுத்தாள். தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். வாசலில், வெடித்த கால் மண்ணில் புதையாமல் ஒரு கல்லை வைத்துப் போட்டாள்.

"ஒக்காரு சின்னம்மா."

நான் உட்கார்ந்தேன். அவள் எனக்கு எதிரே மண் தரையில் உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லு. அன்னைக்கு ஏன் அப்டி சொன்ன?"

எதிரே ஒரு முகம்தான் இருந்தது. கோழி ஒன்று அவள் காலடியில் கிளறிவிட்டுப் போனது.

"நான் சொன்னாதான ஒனக்கு அப்பா செத்துப்போவாரு. இன்னும் இருவது நிமிஷம் ஒனக்கு அப்பா இருக்கட்டும்னு நெனச்சேன்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இவ்ளோதான சின்னம்மா?" என்றாள். "இவ்ளோதான?"

ஆமாம் என்றேன். அவள் எழுந்து, முந்தானையால் நாற்காலியின் கைப்பிடியில் இருந்த ஈரத்தைத் துடைத்தாள். மதிய பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். பையை நான் தூக்கிக்கொண்டேன். அவளை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது மேற்கே மேகம் கட்டியிருந்தது. தார்ப்பாயை இழுத்துவிட்டு, நாற்காலியைக் கூண்டின் மேல் பழையபடி கவிழ்த்து வைத்தேன்.